காயம்பட்ட சிறாரும் அறுவை மருத்துவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை





மருத்துவ வரலாறு என்றவுடன் புகழ்பெற்ற மருத்துவர்களின் பெயர்களே நம் நினைவில் எழுகின்றன. ஆயினும் அறுவை மருத்துவத்தின் வரலாற்றை ஊன்றிப் படிப்போருக்கு மற்றோர் உண்மையும் புலப்படும். அத்துறையின் பெருந்திருப்பங்கள் பலவற்றில் மருத்துவரின் முன்னே கிடத்தப்பட்டிருந்தது படுகாயமுற்ற ஒரு சிறுவனோ சிறுமியோதான். வண்டிச் சக்கரம் ஏறிய கால், கத்தி பாய்ந்த நெஞ்சு, ரயிலில் அகப்பட்டுத் துண்டான கை, இயந்திரம் பறித்த முகம் என ஒவ்வொரு பிஞ்சு உடலும் மருத்துவ உலகிற்கு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்கிறது.

அப்பாடங்களை ஒருசேர வைத்து நோக்கினால், அறுவை மருத்துவரின் கத்தி ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பது விளங்கும். அதற்கு முந்திய கண்ணிகளான முதலுதவி, விரைவு, சரியான இடத்திற்குக் கொண்டு சேர்க்கும் தெளிவு ஆகியவை பெற்றோர், அண்டைவீட்டார், மஹல்லாவாசிகள் ஆகியோரின் கைகளில் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கண்டு, அதிலிருந்து நம் பகுதிக்குரிய படிப்பினைகளை எடுத்துக்கொள்வோம்.

நம் பள்ளத்தாக்கில் இதன் தேவை

தேனி மாவட்டத்தில் வாழும் நமக்கு இது ஏட்டளவிலான செய்தியன்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் நாள்தோறும் ஓடுகின்றன. நம் சிறுவர்கள் புளிய மரத்திலும் தென்னையிலும் ஏறி விளையாடுகின்றனர். கரும்புச் சாறு பிழியும் இயந்திரமும் மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரமும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் சுழல்கின்றன. ரமளான் மாதம் வந்துவிட்டால் நோன்புக் கஞ்சி கொதிக்கும் அண்டாவைச் சுற்றிப் பாத்திரங்களுடன் சிறுவர் கூட்டம் நிற்பது நம் பள்ளிவாசல்கள் அனைத்திலும் காணும் காட்சி. ஒரு நொடிக் கவனக்குறைவு ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிடக்கூடிய இடங்கள் இவை.

குர்துபாவின் அறுவை மருத்துவர்

அறுவை மருத்துவத்தை முறையான கல்வியாக்கியவர்களுள் முன்னணியில் வைத்துப் போற்றப்படுபவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. கி.பி. 936இல் இஸ்லாமிய ஸ்பெயினின் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்து 1013இல் மறைந்தவர். அவர் எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று அதில் விளக்கியுள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு அதை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணிடம் தாம் அழைக்கப்பட்டதை அந்நூலில் அவர் பதிவு செய்கிறார். மூச்சுக்குழல் அறுபட்டு, காயத்தின் வழியே காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் காயத்தைத் தைத்தார், அவள் பிழைத்தாள், குரலில் சிறிது கரகரப்பு மட்டுமே எஞ்சியது. மூச்சுக்குழலைத் திறப்பதால் மரணம் நேர்ந்தே தீரும் என்ற அச்சம் தவறு என்று இதிலிருந்து அவர் முடிவு செய்தார். காயத்திலிருந்து அறிவைப் பெறும் வழியை இவ்வாறு காட்டினார். விலங்குக் குடலிலிருந்து எடுக்கும் நூல் உடலுக்குள் தானே கரைந்துவிடும் தன்மையுடையது. குடற்காயத்தைத் தைக்க அது உகந்தது என்பதையும் அவர் குறிப்பிட்டார். இந்த நூலை மீண்டும் ஓரிடத்தில் நாம் சந்திப்போம்.

அதே நூலில் அவர் விடுக்கும் எச்சரிக்கையும் முக்கியமானது. உடற்கூறு அறியாத ஒருவர் கழுத்துக் கட்டியைக் கீறி, இரத்தக் குழாயை அறுத்துவிட, நோயாளி இறந்துபோனதைக் குறிப்பிட்டு, கல்லாதவர் கத்தியைத் தொடலாகாது என்று மாணவர்களுக்கு அறிவுறுத்துகிறார். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவ்வெச்சரிக்கை பழமையடையவில்லை.

வலியை வென்றதும் அதன் விலையும்

அஸ்ஸஹ்ராவீக்குப் பின்னரும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அறுவை மருத்துவத்தின் முன் இரு பெருந்தடைகள் நின்றன. முதலாவது வலி, இரண்டாவது சீழ். நான்கைந்து பேர் கைகால்களைப் பிடித்து அழுத்திக்கொள்ள, குழந்தையின் அலறலுக்கு நடுவே மருத்துவர் நிமிடக் கணக்கில் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியைச் செலுத்தி நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை செய்து காட்டினர். மறு ஆண்டே எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைப் பயன்படுத்தினார்.

ஆயினும் 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர் அருகே, கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் செலுத்தப்பட்ட 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்துபோனாள். மயக்க மருந்தால் நேர்ந்த மரணமாகப் பதிவான முதல் நிகழ்வு அதுவே. மயக்கம் கொடுப்பதும் அறுவைக்கு இணையான தனிக்கலை என்பதை அச்சிறுமியின் மரணம் உணர்த்தியது. இன்று குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தை அளந்து கொடுப்பதும், வயிற்றில் உணவு இருக்கிறதா என்று மருத்துவர் முதலில் கேட்பதும் இத்தகைய அனுபவங்களின் விளைவே.

கிளாஸ்கோ நகரச் சிறுவன்

வலி நீங்கிய பின்னரும் சீழ் என்னும் இரண்டாம் தடை நீங்கவில்லை. எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால், அக்காலத்தில் காலை வெட்டி எடுப்பதே வழக்கம். வெட்டிய பின்னரும் பலர் காயம் அழுகி இறந்தனர்.

1865 ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். அவனது இடக்காலில் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து, தோல் பிளந்திருந்தது. அங்கே அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஜோசப் லிஸ்டர். நொதித்தலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே என்ற லூயி பாஸ்டரின் ஆய்வை அவர் படித்திருந்தார். காயம் அழுகுவதும் அவ்வாறே நிகழ்வதாக இருக்கலாம் என எண்ணிய அவர், கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் அச்சிறுவனின் காயத்தைக் கட்டினார். நான்கு நாட்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது சீழ் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடிற்று. சிறுவனின் கால் தப்பியது.

இந்த முறையை லிஸ்டர் 1867இல் வெளியிட்டார். அதற்கு முன் அவரிடம் உறுப்பு நீக்கம் செய்துகொண்ட 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். புதிய முறைக்குப் பின் 40 பேரில் 6 பேர் இறந்தனர். காயத்தைத் தூய்மையாக வைத்த ஒரே மாற்றத்தால் விளைந்த வேறுபாடு இது. தூய்மைக்கு நம் மார்க்கம் அளித்துள்ள இடத்தை நாம் அறிவோம். சாணமும் சாம்பலும் காப்பித்தூளும் காயத்தில் அப்பும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமையலறை மேசையும் ஒரு சட்டமும்

லிஸ்டரின் விரிவுரைகளைக் கேட்டு நாடு திரும்பியவர்களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த லூதர் ஹில் என்னும் மருத்துவரும் ஒருவர். 1902 செப்டம்பரில் மாண்ட்கமரி நகரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் நெஞ்சில் கத்திக்குத்து பட்டுக் கிடந்தான். ஏழைக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை. குத்துப்பட்டுப் பல மணி நேரம் ஆகிவிட்டது. நள்ளிரவுக்குப் பின், அச்சிறுவனின் வீட்டிலேயே, சமையலறை மேசையின்மேல் அவனைக் கிடத்தி, மண்ணெண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தில் ஹில் அவனது நெஞ்சைத் திறந்தார். துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் காயத்தைக் குடல்நூலால் தைத்தார். குர்துபாவில் அஸ்ஸஹ்ராவீ பரிந்துரைத்த அதே வகை நூல்! சிறுவன் பிழைத்துக்கொண்டான். இதயக் காயத்தைத் தைத்து நோயாளியைப் பிழைக்கவைத்த நிகழ்வு அமெரிக்காவில் அதுவே முதலாவது.

இத்துடன் அவ்வரலாறு முடியவில்லை. ஹில் தம் ஆசானின் நினைவாகத் தம் மகனுக்கு லிஸ்டர் என்றே பெயர் சூட்டியிருந்தார். அம்மகன் லிஸ்டர் ஹில் பின்னாளில் அமெரிக்க செனட் அவை உறுப்பினரானார். சிற்றூர்ப் பகுதிகள் உட்பட நாடெங்கும் மருத்துவமனைகள் கட்ட அரசு நிதி வழங்கும் 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய பெயரையும் தாங்கியுள்ளது. தந்தை சமையலறை மேசையில் ஒரு பிள்ளையைக் காத்தார். மகனோ அத்தகைய பிள்ளைகளுக்கு அருகிலேயே மருத்துவமனை இருக்க வழிசெய்தார். தொலைவு குறைந்தால் மரணமும் குறையும் என்பதே இதன் பொருள்.

குழந்தையின் உடல் வேறு

1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 2000 பேர் மாண்டனர். சுமார் 9000 பேர் காயமுற்றனர். தீப்பற்றிய கப்பலைச் சன்னல் கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பலர், குழந்தைகள் உட்பட, கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து கண்களை இழந்தனர். பாஸ்டனிலிருந்து சென்ற உதவிக் குழு ஒன்றில் வில்லியம் லாட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். பின்னாளில் அவர் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவத்திற்கே தம்மை ஒப்படைத்தார். அத்துறையின் தந்தை என்று அவரை அமெரிக்கர் போற்றுகின்றனர்.

குழந்தைகளுக்கெனத் தனித்துறை எதற்கு என்று சிலர் கேட்கலாம். குழந்தை என்பது பெரியவரின் சுருங்கிய உருவமன்று. பெரியவருக்குச் சிறிதெனத் தோன்றும் இரத்தப்போக்கு கைக்குழந்தையின் உயிரைக் குடித்துவிடும். குழந்தையின் உடல் வெப்பம் விரைவில் இறங்கிவிடும். விலா எலும்புகள் வளைந்து கொடுப்பதால், வெளியே முறிவு ஏதுமின்றி உள்ளே நுரையீரல் நசுங்கியிருக்கக்கூடும்.

எப்போது அறுக்கக்கூடாது என்பதையும் குழந்தைகளே கற்பித்தனர். வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்தால் அதனை அகற்றிவிடுவதே முன்னர் வழக்கமாக இருந்தது. மண்ணீரல் அகற்றப்பட்ட கைக்குழந்தைகள் கடுமையான நோய்த்தொற்றுக்கு ஆளாவதை 1952இல் கிங், ஷூமேக்கர் என்னும் இரு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். அதன்பின் டொரண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில், இரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கும் சிறாரைப் படுக்கையில் வைத்துக் கண்காணித்தே குணமாக்கினர். ஆகவே, விபத்துக்குப் பின் மருத்துவர் உடனே அறுவை செய்யாமல் கண்காணிப்பில் வைத்தால், அதனைப் புறக்கணிப்பு எனக் கருதி நாம் சச்சரவில் இறங்கலாகாது. அக்காத்திருப்பும் சிகிச்சையே.

இறுகிய கட்டு

நம் பகுதியில் அதிகக் கவனம் பெறவேண்டிய பாடம் இது. லிஸ்டரின் முறையை ஜெர்மனியில் பரப்பியவர்களுள் ஒருவரான ரிச்சர்டு ஃபோன் வோல்க்மன், 1881இல் ஒரு கட்டுரை எழுதினார். முறிந்த கைக்கு மிக இறுக்கமாகக் கட்டுப் போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே தசைகள் செத்துவிடுகின்றன; பின்னர் விரல்கள் மடங்கி நிரந்தரமாக முடங்கிப்போகின்றன என்று அதில் விளக்கினார். இம்முடக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும் சிறாருக்கே இந்த ஆபத்து மிகுதி. முறிந்த எலும்பின் முனை அங்குள்ள இரத்தக் குழாயை அழுத்திக்கொண்டிருக்கும்போது, மேலே மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டால் கையின் கதி என்னவாகும்? கட்டுப் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போவது, விரல்கள் வீங்குவது, வெளிறுவது அல்லது நீலம் பாரிப்பது, மரத்துப்போவது, விரலை நீட்டினால் குழந்தை துடிப்பது ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் கட்டைத் தளர்த்தி, உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கட்டியவர் மனம் வருந்துவாரே என்னும் தயக்கம் ஒரு பிள்ளையின் கையைப் பறித்துவிடலாம்.

துண்டான உறுப்பும் மீண்டது

1962 மே 23 அன்று பாஸ்டன் அருகே சரக்கு ரயிலில் தொற்றிக்கொள்ள முயன்ற 12 வயதுச் சிறுவன் எவரெட் நோல்ஸின் வலக்கை தோளுக்குக் கீழே துண்டாயிற்று. ரொனால்டு மால்ட் தலைமையிலான மருத்துவர்கள், பனிக்கட்டியில் குளிரூட்டி வைத்த அக்கையின் எலும்பையும் இரத்தக் குழாய்களையும் தசைகளையும் இணைத்தனர். நரம்புகளைப் பின்னர் ஓர் அறுவையில் இணைத்தனர். முற்றாகத் துண்டான மனிதக் கையை வெற்றியுடன் பொருத்திய முதல் நிகழ்வு அது.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கியதன்று. நெற்றித் தோலைக் கொண்டு அறுபட்ட மூக்கை அமைக்கும் இந்தியக் கைத்திறனை 1794இல் லண்டன் இதழ் ஒன்று படத்துடன் வெளியிட்ட பிறகே ஐரோப்பியர் அதனைக் கற்றனர். 1994இல் பஞ்சாபில் கதிரடிக்கும் இயந்திரத்தில் கூந்தல் சிக்கி, 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் முகமும் தலைத்தோலும் முழுவதுமாகப் பிய்ந்துபோயின. பெற்றோர் அத்தோலை ஒரு பையிலிட்டு, மகளுடன் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைந்தனர். மருத்துவர் ஆபிரகாம் தாமஸ் தலைமையிலான குழு நுண்ணறுவை மூலம் இரத்தக் குழாய்களை இணைத்து அம்முகத்தை மீண்டும் பொருத்தியது. முழு முகம் மறுபொருத்தப்பட்டது உலகிலேயே அதுதான் முதன்முறை. அச்சிறுமி வளர்ந்து செவிலியர் பயிற்சி பெற்றார் என்பது நெஞ்சை நெகிழவைக்கும் செய்தி.

பெற்றோர் பதற்றத்தில் அத்தோலை விட்டுவிட்டு ஓடியிருந்தால் மருத்துவரால் என்ன செய்திருக்க முடியும்? துண்டான விரலையோ கையையோ ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள மற்றொரு பையில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி நேரடியாக உறுப்பின்மேல் படலாகாது.

தீயும் கொதிநீரும்

2004 ஜூலை 16ஆம் நாளைத் தமிழகம் மறக்காது. கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்தில் எழுந்த தீ பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 பிஞ்சுகளைப் பறித்தது. காயங்களுடன் தப்பிய சிறாருக்கு அன்றுடன் துன்பம் தீர்ந்துவிடவில்லை. நம் மாவட்டத்திலேயே 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேற்றம் சென்றவர்களுள் சிலர் அங்கேயே மாண்டனர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரும் அடுத்த நாட்களில் ஒருவர்பின் ஒருவராக இறந்து, பலி எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. தீக்காயம் பட்டவர் உயிருடன் மருத்துவமனை சேர்ந்துவிட்டாலே ஆபத்து நீங்கிவிட்டதாகாது என்பதை இது காட்டுகிறது.

வெந்த தோல் தானாக உதிரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பது பழைய முறை. அதற்குள் நச்சுக்கிருமி புகுந்து உயிரைக் குடித்துவிடும். ஸ்லோவேனியாவின் மரிபோர் நகரத்துப் பெண் மருத்துவர் ஸோரா யான்ஸெகோவிச், சில நாட்களுக்குள்ளேயே வெந்த பகுதியை மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுத்து, உடலின் வேறிடத்துத் தோலை அங்கே ஒட்டும் முறையை வளர்த்தெடுத்து 1970இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் இம்முறை பின்பற்றப்படுகிறது.

பிழைத்த குழந்தைக்கு மற்றொரு சோதனையும் உண்டு. எலும்பு வளர்ந்துகொண்டே போகும். தழும்போ அதற்கேற்ப நீளாது. கழுத்து நெஞ்சோடும், விரல்கள் உள்ளங்கையோடும் ஒட்டி இறுகிவிடும். ஆகவே வளரும் பருவம் முழுவதும் அவ்வப்போது தழும்பை விடுவிக்கும் அறுவை தேவைப்படும். புண் ஆறிவிட்டது என்று எண்ணிப் பயிற்சியையும் மறுபரிசோதனையையும் கைவிடும் குடும்பங்களின் குழந்தைகளே இதில் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

போரில் சிதைந்த பிஞ்சுகள்

விபத்தைவிடக் கொடியது மனிதன் மனிதனுக்குச் செய்யும் தீங்கு. 2009இல் இலங்கையின் வன்னிப் பகுதியில், மருந்தும் கருவிகளும் தீர்ந்துபோன தற்காலிக மருத்துவமனைகளில் நம் தமிழ்க் குழந்தைகளுக்குக் கைகால் நீக்க அறுவைகள் செய்யப்பட்டன. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில், சுமார் ஆயிரம் குழந்தைகள் ஒரு காலையோ இரு கால்களையோ இழந்துவிட்டதாக ஐ.நா. குழந்தைகள் நிதியம் அவ்வாண்டின் இறுதியிலேயே தெரிவித்தது. மயக்க மருந்தின்றியே அறுவை செய்யப்பட்ட சிறாரும் அவர்களுள் உண்டு. 1846இல் மனிதகுலம் தாண்டிவந்த தடை, மருந்து செல்லும் வழி அடைக்கப்பட்டதால் அக்குழந்தைகளின் முன் மீண்டும் எழுந்து நின்றது.

அங்கே சென்று பணியாற்றியவர்களுள் ஒருவர் அறுவை மருத்துவர் கஸ்ஸான் அபூ ஸித்தா. கால் நீக்கப்பட்ட குழந்தைக்கு எஞ்சிய எலும்பு வளர்ந்து தோலைக் குத்துவதால், பெரியவராகும்வரை மீண்டும் மீண்டும் அறுவை தேவைப்படும். வளர வளரச் செயற்கைக் காலையும் மாற்ற வேண்டும் என்பதை அவர் உலகிற்கு எடுத்துரைத்து வந்தார். 2024இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் அவரைத் தங்கள் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். லிஸ்டர் அச்சிறுவனின் காலைக் காத்தபோது பேராசிரியராக இருந்தது அதே பல்கலைக்கழகத்தில்தான்.

நம் மாவட்டம் கடந்து வந்த பாதை

நம் முன்னோர் காலத்தில் படுகாயமென்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரியே கதி. எர்ஸ்கின் மருத்துவமனை என வழங்கிய இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனைதான் அது. தேனியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். கம்பத்திலிருந்தோ நூறுக்கும் மேல். 1996இல் தேனி தனி மாவட்டமாயிற்று. 2004இல் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்தபோது அத்தொலைவு பெரிதும் குறைந்தது. கண் காயங்களுக்கு 1985 முதலே தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழகத்தில் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்க வழி ஏற்பட்டது.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று அஞ்சிக் காயமுற்றவரைத் தொடாமல் விலகிப் போவோர் இன்றும் உள்ளனர். காவல்துறை நடவடிக்கைக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் பாதுகாப்பு அளிக்கிறது. எனவே அவ்வச்சத்திற்கு இனி இடமில்லை.

ஜமாஅத்தாரின் கடமை

ஓர் உயிரைக் காப்பதற்கு நம் மார்க்கம் அளித்துள்ள மதிப்பை நாம் நன்கறிவோம். மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில் சிலவற்றை ஜமாஅத்தாரின் கவனத்திற்கு முன்வைக்கிறோம்.

1. இரத்தம் பீறிட்டால் தூய துணியை வைத்து அழுத்திப் பிடித்தவாறே மருத்துவமனை செல்ல வேண்டும். உடலில் குத்திநிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கலாகாது.

2. தீக்காயம், கொதிநீர்க் காயம் பட்ட இடத்தில் 20 நிமிடங்கள் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். மையும் பற்பசையும் மாவும் பூசலாகாது. பனிக்கட்டியும் வேண்டாம்.

3. அறுவை தேவைப்படலாம் என்ற நிலையில், குழந்தை அழுகிறதே என்று உணவோ பாலோ புகட்டக்கூடாது.

4. ரமளானில் கஞ்சி காய்ச்சும் இடத்தைச் சிறுவர் நெருங்காதவாறு தடுப்பு அமைத்து, கஞ்சி வழங்கும் இடத்தைத் தனியே வைக்க வேண்டும்.

5. மஹல்லா இளைஞர்களின் இரத்த வகைப் பட்டியலைத் தொகுத்து அலுவலகத்தில் வைப்பதும், மக்தப் பிள்ளைகளுக்கு 108 எண்ணையும் முதலுதவியையும் கற்பிப்பதும் செலவில்லாத அறங்கள்.

6. விபத்து நடந்த நாளில் திரண்டு உதவும் நாம், ஆறு மாதம் கழித்து மறு அறுவைக்குச் செல்லும் குழந்தையின் பேருந்துக் கட்டணத்தையும் பெற்றோரின் கூலி இழப்பையும் மறந்துவிடுகிறோம். நம் ஸதகாவில் ஒரு பங்கு அத்தொடர் சிகிச்சைக்குச் செல்லட்டும். தழும்பு சுமக்கும் பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்காதிருப்பதும் அச்சிகிச்சையின் ஒரு பகுதியே.

கிளாஸ்கோவில் ஒரு கால் தப்பியதற்கும், மாண்ட்கமரியில் ஓர் இதயம் தொடர்ந்து துடித்ததற்கும், லூதியானாவில் ஒரு முகம் மீண்டதற்கும் மருத்துவரின் அறிவு காரணமாயிற்று. அந்த அறிவிடம் அக்குழந்தைகளை உரிய நேரத்தில் கொண்டு சேர்த்தவர்களும் காரணமாயினர். நம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு குழந்தைக்கும் அத்தகைய கைகள் வாய்க்கட்டும். அக்கைகள் நம்முடையவையாக இருக்கட்டும்.

வல்ல இறைவன் நம் பிள்ளைச் செல்வங்களை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்தருள்வானாக! காயமுற்ற குழந்தைகளுக்கு முழு நலத்தையும், அவர்களுக்காக உழைக்கும் மருத்துவர், செவிலியர் அனைவருக்கும் நற்கூலியையும் வழங்குவானாக! ஆமீன்.